நம் பள்ளிப் போர் நினைவுச் சிற்பம்: துப்பாக்கிச் சிப்பாயா, நடுகல்லா?

நொய்யல்கரை
ஜூன் 8, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். முன்னாள் மாணவர் கூட்டம் முடிந்து வந்ததிலிருந்து மனம் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடையில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளி. ஜில்லா போர்டு காலத்தில் ஓட்டுக் கட்டடமாகத் தொடங்கியது. இங்கே படித்துப் படைக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்கு முன்வாசலில் ஒரு நினைவுச் சிற்பம் வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பணமும் பெரும்பகுதி சேர்ந்துவிட்டது. முதன்மைக் கல்வி அலுவலருக்கான மனுவைப் பள்ளி மேலாண்மைக் குழு தயார் செய்துகொண்டிருக்கிறது.

எனக்கு ஒவ்வாதது அங்கே காட்டிய படம்தான். ஆறடிப் பீடம். அதன் மேல் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்த சிப்பாய், ஃபைபரில் வார்த்துப் பச்சை வண்ணம் அடித்தது. பீடத்தின் முன்பக்கம் திறந்து வைப்பவர், தலைமை, முன்னிலை, நன்கொடையாளர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். இறந்தவர்களின் பெயர்கள் பின்பக்கம். பின்பக்கத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி. அங்கே எந்தப் பிள்ளை போய்ப் படிக்கும்?

நம் பக்கத்துக் காடுதோட்டங்களில் புலியோடு போராடிச் செத்தவர்களுக்கு எடுத்த நடுகல், புலிகுத்திக் கல் நிற்கிறதே, அதைப் போல ஒரே கல்லாக, தரையிலிருந்தே எழும்பி நிற்கட்டும். பெயர்கள் முன்பக்கம், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். இதுதான் என் கருத்து. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஏழு பேர் என்று கணக்கு. குடும்பத்தாரைக் கேட்காமல் இங்கே யாருடைய பெயரையும் எழுத வேண்டாம்.


வெள்ளகோவில் பஸ்
ஜூன் 8, இரவு 10.05

அண்ணா, அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரி படித்தது திருச்சியில். மேஜர் சரவணன் நினைவுச் சின்னத்தை நாள்தோறும் பஸ்ஸில் கடந்து போவேன். அவர் பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன், 1999 மே 29 அன்று படாலிக்கில் உயிர் கொடுத்தவர், வீர் சக்ரா பெற்றவர் என்பதையெல்லாம் அந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன். கண்ணில் படுகிற மாதிரி ஒன்று இருந்ததால்தான் தேடினேன். வெறும் கல்லில் ஏழு வரிப் பெயர் இருந்தால் இந்தக் காலத்துப் பையன்கள் நின்று பார்ப்பார்களா? சிப்பாயின் உருவம் நின்றால் கை தானாக நெற்றிக்குப் போகும்.

பெயர்களைப் பின்பக்கம் வைத்தது தவறுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.


நடுகல் தேடி
ஜூன் 9, காலை 6.15

தம்பி, நடுகல் வெறும் கல் அன்று. உருவம் இல்லாத நடுகல்லும் உண்டு, உருவத்தோடு நிற்பதும் உண்டு. நம் கொங்குப் பகுதியில் கிடைக்கும் புலிகுத்திக் கற்களைப் பாருங்கள். பின்னங்காலில் எழும்பி நிற்கும் புலி, அதன் மேல் ஈட்டியைப் பாய்ச்சும் வீரன், பக்கவாட்டில் சரிந்த கொண்டை. ஊருணிக் கரையில் பாதி மண்ணில் புதைந்து கிடந்தாலும் அந்தத் தோளின் திருகலைப் பார்த்தால் கால் நகராது. ஆடு மாடுகளைக் காக்கப் போய்ச் செத்த ஆளுக்கு ஊரார் எடுத்த கல் அது.

சில கற்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் சண்டை, நடுவில் வீரனை வானுலக மகளிர் தூக்கிச் செல்வது, உச்சியில் அவன் இறைவன் முன் அமர்ந்திருப்பது. கீழிருந்து மேலே படிக்க வேண்டிய கதை.

கல் நாட்டுவதற்குத் தொல்காப்பியம் படிநிலை சொல்கிறது: காட்சி (கல்லைத் தேர்வது), கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். கல்லைத் தேர்ந்தெடுப்பதே முதல் சடங்கு என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். பட்டியலில் விலை பார்த்து வாங்கும் பொருளாக அதை யாரும் கருதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செங்கம் பக்கம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டிவைத்திருக்கிறார்கள். நாயின் பெயரை மறக்காத மரபு நம்முடையது. நம் பிள்ளைகளின் பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாமா?


பூண்டி உளி
ஜூன் 9, பிற்பகல் 1.40

திருமுருகன்பூண்டியில் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கும் எனக்கும் தொடர்பில்லை. தொழில்காரனாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஃபைபர் சிலை திறப்பு விழா அன்று அழகாக இருக்கும். நம் ஊர் வெயிலில் வண்ணம் வெளுக்கும், பூச்சு வெடிக்கும், துப்பாக்கி முனையும் விரல்களும் முதலில் உடையும். ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும். கூட்டத்தின் சூடு ஆறிய பிறகு யார் அடிப்பார்கள்? சாயம் போன வீரனைப் பார்ப்பதைவிடச் சங்கடம் வேறில்லை.

கருங்கல் என்றால் கல் பார்ப்பதில்தான் பாதி வேலை. சுத்தியால் தட்டினால் மணி போல நாதம் வர வேண்டும். ஓரிடத்தில் ஓசை மக்கினால் உள்ளே கீறல் என்று பொருள். தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் கீறல் மட்டும் ஈரக் கோடாக நிற்கும். அந்தக் கல்லை விட்டுவிட வேண்டும்.

எழுத்து விஷயத்தில் கவனம் தேவை. கறுப்புப் பளிங்கு போல மெருகேற்றி, இயந்திரத்தில் மேலோட்டமாகச் சுரண்டித் தங்க வண்ணம் பூசுவது இப்போது வழக்கம். வண்ணம் உரிந்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. உளியால் ஆழமாக வெட்டினால் வண்ணமே வேண்டாம், நிழலே எழுத்தைக் காட்டும். ஆனால் தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ண, ஞ, லை போன்றவற்றைச் சின்ன அளவில் வெட்டினால் சுழிக்குள் இருக்கும் கல் பெயர்ந்து விழுந்துவிடும். ஒன்றரை அங்குல உயரத்துக்குக் குறையாமல் எழுத்து வேண்டும். ஏழு பெயர், ஊர், ஆண்டு என்றால் ஐந்தடிக் கல் தாராளமாகப் போதும். உருவமும் வேண்டுமென்றால் மேல் பாதியில் புடைப்பாகச் செதுக்கலாம்.


சென்னிமலைத் தறி
ஜூன் 9, இரவு 8.30

ஏழு பேரில் மூத்தவர் என் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், அண்ணன். அமுச்சிக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அண்ணன் பட்டாளத்துக்குப் போகும்போது அவர் பாவாடை கட்டிய சிறுமி. 1944-இல் பர்மா முனையில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்ததாம். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் தேடிக் கண்டுபிடித்தேன். ரங்கூனுக்கு வெளியே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அவற்றில் அவரும் ஒருவர். அப்பாவின் பெயர், ஊர், கோயம்புத்தூர் ஜில்லா என்று எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் எப்படியோ சிதைத்திருக்கிறார். நான் வாசித்துக் காட்டியதும் அமுச்சி தலையை ஆட்டினார். "இது எங்கண்ணன் பேரில்லை கண்ணு" என்றார்.

கூட்டத்தில் ஒருவர், வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர் எதற்கு இந்தப் பட்டியலில் என்று கேட்டாராம். பஞ்சம் பிழைக்கப் பட்டாளத்தில் சேர்ந்த பையன் அவர். மாதம் வரும் மணியார்டரில்தான் அமுச்சி வீட்டில் அடுப்பு எரிந்தது. அவரை விட்டுவிட்டுக் கல் எடுத்தால் நான் பணம் மட்டும் தருவேன், விழாவுக்கு வர மாட்டேன்.


ஓய்ந்த சிப்பாய்
ஜூன் 10, காலை 5.50

தங்கச்சி, அவர் பெயர் இருக்கும். அதற்கு நான் நிற்பேன்.

நான் மதராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி. மேட்டுப்பாளையம் வரை பஸ், அங்கிருந்து மலையேறும்போது வாந்தி எடுத்துக்கொண்டே போன பையன்கள் இருவர். ஒருவன் நான். என்னோடு பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இன்னொருவன். இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனபோது, 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் அவன் விழுந்தான். ஏழு பேரில் ஐந்தாவது.

அவன் பெயருக்கு எதிரே இடத்தைப் போட வேண்டாம், "பணியின்போது" என்று மட்டும் எழுதலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அந்த நாட்களைப் பற்றி நான் என் வீட்டிலேயே பேசியதில்லை. எங்களுக்கு உத்தரவு வந்தது, போனோம். அங்கே கதவைத் தட்டி நாங்கள் பேசிய மொழியும் உள்ளேயிருந்து அழுத மொழியும் ஒன்றாக இருந்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனால் அவன் இறந்த இடம் யாழ்ப்பாணம். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் ஆபரேஷன் பவனில், அதாவது அமைதிப்படையின் அந்த நடவடிக்கையில், இறந்தவர்களின் பெயர்கள் தியாக் சக்ரா சுவரில் இருக்கின்றன. அரசாங்கமே மறைக்காததை அவன் படித்த பள்ளி மறைக்க வேண்டாம்.


அமராவதி வாய்க்கால்
ஜூன் 10, காலை 9.10

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இடத்தைப் போட வேண்டாம் என்று சொன்னவர்களில் என் அப்பாவும் ஒருவர். எங்கள் ஊருக்கு அருகே ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகளும் நம் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் அந்தக் கல்லின் முன்னால் பிரார்த்தனைக்கு நிற்கும்போது என்ன நினைப்பார்கள் என்பதுதான் அப்பாவின் கவலை. உங்கள் நண்பரைக் குறைத்துப் பேசும் எண்ணம் துளியும் இல்லை.


ஓய்ந்த சிப்பாய்
ஜூன் 10, இரவு 7.45

உங்கள் அப்பா நினைப்பது சரியான கவலை. பகல் முழுவதும் யோசித்தேன். "யாழ்ப்பாணம், 1987" என்று மட்டும் இருக்கட்டும். வெற்றி, தாக்குதல், எதிரி என்ற சொற்கள் எந்தப் பெயருக்கும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இடம், ஆண்டு. முகாம் பிள்ளை கேட்டால் ஆசிரியர் உண்மையைச் சொல்லட்டும். கேட்கவாவது ஒரு கல் இருக்கிறதே. அப்பாவை நான் நேரில் வந்து பார்க்கிறேன்.


காங்கேயத்துக்காரி
ஜூன் 11, காலை 11.00

என் தம்பி மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தான். சத்தீஸ்கரில் கண்ணிவெடியில் போனான். அவன் ராணுவம் இல்லை என்பதால் பட்டியலில் வருவானா மாட்டானா என்று பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்குச் சட்டம் தெரியாது. அந்தப் பள்ளிக் கிணற்றடியில் அவன் சட்டையைக் கழுவி உலர்த்திப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனது தெரியும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.


நொய்யல்கரை
ஜூன் 11, பகல் 12.20

அம்மா, அவர் வருவார். இதில் பேச்சே இல்லை. டெல்லியில் படையினருக்கு ஓரிடம், போலீசாருக்குச் சாணக்யபுரியில் 2018-இல் திறந்த நினைவகம் என்று தனித்தனியாக இருக்கலாம். நம் பள்ளி அந்தப் பிரிவினைக்குள் போகாது. எட்டுப் பெயர்கள்.


கரும்பலகை
ஜூன் 12, மாலை 6.30

இந்தப் பள்ளியில் 27 ஆண்டுகள் வரலாறு நடத்தியவன். நேற்றும் இன்றும் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு பழைய பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்த்தேன். முதல் சில ஏடுகளின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. நடுப்பக்கம் தப்பியிருக்கிறது.

சென்னிமலைத் தறி அம்மாவுக்கு: உங்கள் அமுச்சியின் அண்ணன் 1928-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். பெயர் தமிழில், தெளிவாக, பட்டை நிப்புப் பேனாவில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் அவருடைய ஐயனின் கைநாட்டு. மை ஊறிய கட்டைவிரல் ரேகை இன்றும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருக்கிறது. படம் எடுத்து உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். அமுச்சியிடம் காட்டுங்கள்.

எட்டுப் பேரும் பதிவேட்டில் இருக்கிறார்கள். அதனால் எனக்கு ஒரு யோசனை. பதவி வரிசையில் எழுதுவதா, அகர வரிசையா என்று கூட்டத்தில் இழுபறி நடந்ததே. இரண்டும் வேண்டாம். பள்ளியில் சேர்ந்த ஆண்டு வரிசையில் எழுதுவோம். பதிவேட்டில் உள்ளபடியே பெயர், சேர்ந்த ஆண்டு, இறந்த இடம், ஆண்டு. சுபேதார், நாயக், சிப்பாய் எதுவும் இல்லை.

போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கிய சிறிது காலத்திலேயே பதவியைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல் என்று கொள்கை வகுத்தது. ஆனால் ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களை மட்டும் வெட்டிவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களை ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். 2021-இல் அந்த ஆணையமே தன் அறிக்கையில் இத்தகைய பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. எண்ணாகிப் போனவர்களில் நம் ஜில்லாப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அதனால்தான் பெயருக்காக இவ்வளவு மன்றாடுகிறேன்.


சென்னிமலைத் தறி
ஜூன் 12, இரவு 9.15

ஐயா, காட்டினேன். அமுச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் வாசித்ததும் "ஆமாம், இதுதான்" என்றார். பிறகு போனைத் தரையில் வைக்கவே விடவில்லை. கைநாட்டைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, "எங்கய்யன் விரல்" என்று அதன் மேல் தன் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். திரை நகர்ந்து போகப் போக மறுபடி மறுபடி கொண்டுவரச் சொன்னார்.


வெள்ளகோவில் பஸ்
ஜூன் 12, இரவு 11.40

என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நடுகல்லே இருக்கட்டும். ஆனால் உருவம் வேண்டும் என்பதை விட மாட்டேன். நடுகல் தேடி அண்ணா சொன்ன அடுக்கு முறையில் செய்யலாமே. பெயர்களுக்கு மேலே முதல் அடுக்கில் நம் பள்ளி வேப்பமரத்தடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கும் பையன், அதற்கு மேல் அடுக்கில் அதே பையன் சிப்பாயாக நடந்து போவது, முதுகுப்புறம் மட்டும் தெரியும்படி. துப்பாக்கியை ஓங்கிப் பிடிக்க வேண்டாம்.


பூண்டி உளி
ஜூன் 13, காலை 7.05

முதுகுப்புறம் காட்டும் யோசனை நன்றாக இருக்கிறது தம்பி. முகத்தை யாருடைய சாயலில் செதுக்குவது என்ற பிரச்சினையும் தீர்ந்தது.


ஓய்ந்த சிப்பாய்
ஜூன் 13, காலை 8.30

பட்டாளத்துக்காரன் என்பதால் இதையும் கேட்டுவிடுகிறேன். பெயர்களுக்குக் கீழே இரண்டு மூன்று வரிக்கு இடம் விடுவீர்களா? நடைமுறையில் அது தேவைப்படலாம்.


கரும்பலகை
ஜூன் 13, காலை 8.55

வேண்டாம் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் நான்கு பேர் இப்போது அக்னிவீரர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனின் தங்கை எட்டாம் வகுப்பு. தினமும் அந்தக் கல்லைக் கடந்துதான் அவள் வகுப்புக்குப் போக வேண்டும். காலியாக விட்ட இடம் யாருக்காகக் காத்திருக்கிறது என்று கேட்டால் அந்தக் குழந்தைக்கு நான் என்ன சொல்வேன்?


ஓய்ந்த சிப்பாய்
ஜூன் 13, காலை 9.20

சரிங்க வாத்தியாரே. நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.


பூண்டி உளி
ஜூன் 13, பிற்பகல் 2.10

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். முன்பக்கத்தை எட்டுப் பெயரோடு நிறைவாக முடித்துவிடுகிறேன். கல்லின் பக்கவாட்டை மெருகேற்றாமல் கொத்தின வாக்கில் முரடாக விடுவேன். பார்ப்பவர்களுக்கு அது கல்லின் இயல்பான முகமாகத்தான் தெரியும். என்றைக்காவது வேண்டிவந்தால் என் மகனோ பேரனோ அங்கே வெட்டிக்கொள்வான். வேண்டிவராமலே போகட்டும்.

கூலியில் எழுத்து வெட்டும் பங்கை நான் வாங்க மாட்டேன். இதைப் பற்றி யாரும் போன் செய்து பேச வேண்டாம்.


நொய்யல்கரை
ஜூன் 13, இரவு 9.50

முதல் நாளே இதை எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது பெயர் என் பெரியப்பா. 16-ஆம் மதராஸ் பட்டாலியன், பசந்தர் ஆற்றுச் சண்டை, 1971 டிசம்பர். மேற்கு முனையில் போர்நிறுத்தம் 17-ஆம் தேதி இரவு 8 மணிக்கு. அவர் விழுந்தது 16. ஒரு நாள்.

அந்தக் காலத்தில் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை, போர்முனைக்கு அருகிலேயே தகனம் செய்துவிடுவார்கள். கார்கில் போரின்போதுதான் இது மாறியது. எங்கள் வீட்டுக்கு முதலில் தந்தி வந்தது, பல வாரம் கழித்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு சட்டை, ஷேவிங் செட், கம்பளி உறை, ஆத்தாவுக்கு எழுதி முடிக்காத ஒரு இன்லேண்டு கடிதம். ஆத்தா அந்தப் பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் இலை போட்டு அதன் முன்னால்தான் படைப்பார். எரித்த இடம் எது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. 1996-இல் ஆத்தா போனார். பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது.

பீடத்தின் பின்பக்கம் பெயர் என்று கேட்டபோது எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கூட்டத்தில் குரல் உயர்த்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

நன்கொடையாளர்கள் இதுவரை மூன்று பேர் என்னை அழைத்துத் தங்கள் பெயர் கல்லில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களிடம் நானே பேசுகிறேன். பெயர்ப் பட்டியலை அலுவலக அறையில் மாட்டிக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிறு காலை 7 மணிக்குப் பூண்டியில் கல் பார்க்கப் போகிறோம். மூன்று கல் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். காங்கேயத்திலிருந்து ஒரு வேன் கிளம்பும். வருகிறவர்கள் சொல்லுங்கள்.


ஓய்ந்த சிப்பாய்
ஜூன் 13, இரவு 10.02

வருகிறேன். அமராவதி வாய்க்கால் தம்பியின் அப்பாவும் என்னோடு வருகிறார்.


காங்கேயத்துக்காரி
ஜூன் 14, காலை 6.10

நானும் வருகிறேன். எத்தனை பேர் என்று சொன்னால் இட்லி கட்டி எடுத்து வருவேன்.


சென்னிமலைத் தறி
ஜூன் 14, காலை 6.40

இரண்டு பேர். அமுச்சியால் வேனில் ஏற முடியாது, நாங்கள் தனியாகக் காரில் வந்துவிடுகிறோம். கல்லைத் தட்டும்போது தானும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டுமாம்.


பூண்டி உளி
ஜூன் 14, காலை 7.30

அழைத்து வாருங்கள் அம்மா. பட்டறையில் தரையெல்லாம் கல் சில்லு, பாட்டிக்குச் செருப்பு போட்டே கூட்டி வாருங்கள். அவர் வரும் வரை நான் தட்ட மாட்டேன்.